கேள்வித்தாளும் பைத்தியப் பட்டமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



பேய் பிசாசு என்பதெல்லாம் வெறும் புரட்டு என்று இம்மாதிரி மேடைகளில் நாம் எத்தனையோ தடவை பேசியாய்விட்டது. நீங்களும் கேட்டுக் கேட்டுச் சலித்துமிருப்பீர்கள். ஆனால் உங்களில் ஒரு தகப்பனார் எழுந்து, "ஐயா, பேய் இல்லையென்றே ஒப்புக்கொள்ளுகிறேன். என் மகனுக்கு வயது பத்தொன்பது. ஆறு மாதமாய்ப் படிப்பை விட்டுவிட்டான். இராத்திரியில் தூங்குவதில்லை. யாரோ காதில் பேசுகிறார்கள் என்கிறான். இது பேய் இல்லையானால் பின்னை என்ன?" என்று கேட்டால், அவருக்கு நாம் என்ன பதில் சொல்லுவது? 'பேய் இல்லை' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் அவர் நேரே கோடாங்கியிடந்தான் போவார். ஏனெனில், கோடாங்கி சொல்லுவது பொய்யானாலும் ஒரு பதிலாக இருக்கின்றது. நாம் சொன்னதோ பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

இப்படிக் குரல் கேட்பதும், பிறர் தனக்குத் தீங்கு செய்யச் சதி செய்கிறார்கள் என்று ஆதாரமில்லாமல் உறுதியாய் நம்புவதும், எது நிஜம் எது தோற்றம் என்று பிரித்தறிய முடியாமல் போவதுமான நிலைமையை டாக்டர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள். நாம் சித்தப்பிரமை என்று சொல்லுவோம். மனச்சிதைவு என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது இதில் ஒரு வகை. இது பெரும்பாலும் பதினைந்து பதினாறு வயதிலிருந்து முப்பது வயதுக்குள் தலைகாட்டுகிற வியாதி. அதாவது, வீட்டார் எவன் கையை நம்பியிருக்கிறார்களோ அவனையே பிடிக்கிற வியாதி. சிகிச்சையில்லாமல் எவ்வளவு காலம் விடுகிறோமோ அவ்வளவுக்குப் பிற்பாடு குணமாவது கஷ்டமாகிறது என்பது பல தேசத்து வைத்தியர்களும் ஒப்புக்கொண்ட சங்கதி.

அந்தக் காலத்தை நாம் எதில் போக்குகிறோம்? வேப்பிலை அடியிலும், தாயத்திலும், நேர்த்திக்கடனிலும் போக்குகிறோம். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி நடந்ததை மறந்துவிட்டீர்களா? தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓடித் தப்பிக்க முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தீ மாத்திரமா? பெற்றவர்களே பிள்ளையைச் சங்கிலிக்கு ஒப்புக்கொடுக்கும்படி செய்த அறியாமைக்கும் அதில் பங்கு உண்டா இல்லையா? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, வியாதி முற்றுவதற்கு முன்னாலேயே அதன் அறிகுறியைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று அறிவுள்ளவர்கள் தேட ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் 1994-ல் இதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. பழகிய டாக்டர் ஒருவர் எதிரே உட்கார்ந்து வெகு நேரம் விசாரித்து, இவருக்குச் சித்தப்பிரமை வரக்கூடிய அபாயம் இருக்கிறதா என்று நிதானிக்கிற முறையை அங்கே வகுத்தார்கள். முறை நல்லதுதான். ஆனால் ஊரெல்லாம் உட்கார்ந்து விசாரிக்க டாக்டர்களுக்கு எங்கே போவது? ஆதலால், முதலில் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்போம், வந்தவர் தாமே படித்து 'ஆம்', 'இல்லை' என்று குறிக்கட்டும், அதிகமாய் 'ஆம்' குறித்தவர்களை மட்டும் டாக்டர் விசாரிக்கட்டும் என்று யோசனை பிறந்தது. அமெரிக்காவில் லோவி என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 2005-ல் 92 கேள்விகள் கொண்ட தாளை வெளியிட்டார்கள். அது நீளம் என்று 2011-ல் 21 கேள்வியாக ஒன்று வந்தது. ஹாலந்து தேசத்தார் அந்தப் பழைய 92-லிருந்து பொறுக்கி 2012-ல் 16 கேள்வியாக்கினார்கள்.

அதில் என்ன கேட்கிறார்கள் என்றால், மற்றவர்களுக்குக் கேட்காத சத்தம் உனக்குக் கேட்டதுண்டா, மற்றவர்களுக்குத் தெரியாத வாசனை உனக்குத் தெரிந்ததுண்டா, கண்ணாடியில் உன் முகம் மாறுவதாகத் தோன்றியதுண்டா, யாருமில்லாத இடத்தில் யாரோ இருப்பதாகப் பட்டதுண்டா, பிறர் உன்மேல் கருவிக்கொண்டிருக்கிறார்கள் என்று அடிக்கடி நினைக்கிறாயா என்கிற மாதிரியான கேள்விகள்.

தோழர்களே! இங்கேதான் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். பூசாரி சொன்னதை ஆராயாமல் நம்பாதே என்று சொல்லுகிற நாம், காகிதம் சொன்னதை மாத்திரம் ஆராயாமல் நம்பு என்று சொல்லுவோமேயானால் நமக்கும் பூசாரிக்கும் என்ன வித்தியாசம்? அச்சடித்தது என்பதாலும், சீமையிலிருந்து வந்தது என்பதாலும் ஒரு வஸ்து உண்மையாகிவிடாது. அதற்கும் பரிட்சை வைக்க வேண்டும். அந்தக் கேள்வித்தாள்களைச் செய்தவர்களும் யோக்கியமாகவே அவைகளுக்குப் பரிட்சை வைத்து, வந்த கணக்கை ஒளிக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள். எந்த மந்திரவாதியாவது, நான் நூறு பேருக்கு மந்திரித்தேன், இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று கணக்கு வெளியிட்டதுண்டா?

ஹாலந்தில் மனக்கஷ்டத்துக்காக உதவி தேடி வந்த 3533 பேரைக் கொண்டு அந்த 16 கேள்வித் தாளை ஆராய்ந்தார்கள். ஆறும் அதற்கு மேலும் 'ஆம்' என்று குறித்தவர்களைத் தனியே எடுப்பது என்று வைத்துக்கொண்டால், டாக்டர் நேரில் விசாரித்து அபாயம் உண்டு என்று சொன்னவர்களில் 100-க்கு 87 பேரை அந்தத் தாள் பிடித்தது. அபாயம் இல்லை என்று டாக்டர் சொன்னவர்களில் 100-க்கு 87 பேரை அந்தத் தாள் சும்மா விட்டுவிட்டது. இரண்டும் 87. கேட்டவுடன், பலே, நூற்றுக்கு எண்பத்தேழு என்றால் போதாதா என்று தோன்றும். தோன்றுகிறபடி விட்டுவிடாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. 100 திருடர் வந்தால் 87 பேரைப் பார்த்துக் குரைக்கிறது. 100 விருந்தாளி வந்தால் 87 பேரைப் பார்த்துச் சும்மா இருக்கிறது, 13 பேரைப் பார்த்துக் குரைத்துவிடுகிறது. நல்ல நாய்தான். ஆனால், நாய் குரைத்ததும் வந்தவன் திருடன் என்று கம்பை எடுத்துக்கொண்டு போகலாமா? அது நாயைப் பொறுத்ததல்ல. உங்கள் வீட்டுக்குத் திருடர் எவ்வளவு பேர் வருகிறார்கள், விருந்தாளி எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு ஊரில் 1000 பேருக்கு அந்தத் தாளைக் கொடுப்பதாகவும், அவர்களில் உண்மையாகவே அபாயமுள்ளவர்கள் 10 பேர் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்ளுவோம். அந்த 10 பேரில் 9 பேரைத் தாள் பிடிக்கும்; ஒருவர் தப்பிவிடுவார். மீதி 990 பேரில், நூற்றுக்குப் பதின்மூன்று வீதம், 129 பேரைச் சும்மாவேனும் பிடிக்கும். ஆக, பிடிபட்டவர்கள் 138 பேர். அதில் நிஜமானவர்கள் 9 பேர்! பதினைந்து தடவை குரைத்தால் ஒரு தடவைதான் திருடன். மற்ற 129 பேரும் என்ன குற்றம் செய்தார்கள்?

அதே தாளை, தங்களால் தாங்க முடியாத மனக்கஷ்டம் என்று தாங்களாகவே ஆஸ்பத்திரிக்கு வந்த 1000 பேரிடம் கொடுக்கிறோம். அவர்களில் அபாயமுள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுவோம். 87 பேரைப் பிடிக்கும், 117 பேரைத் தவறாகப் பிடிக்கும். பிடிபட்ட 204 பேரில் 87 பேர் நிஜமானவர்கள். தாள் அதேதான், கேள்வியும் அதேதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அதற்கிருக்கிற மதிப்பு சந்தைக்கடையில் இல்லை. ஆகையால் 'இந்தத் தாள் நல்லதா?' என்று கேட்பது அரைக் கேள்வி. 'யாரிடத்தில் கொடுப்பதற்கு நல்லது?' என்று சேர்த்துக் கேட்பதுதான் முழுக் கேள்வி.

இதற்கு ஒருவர், "அப்படியானால் குரல் கேட்கிறது என்று சொல்லுகிறவனுக்கும் வியாதி இல்லாமல் இருக்குமோ?" என்று கேட்கலாம். இருக்கும். உலகத்தில் அநேகம் பேருக்கு இருக்கின்றது. லண்டனில் 1882-ல் ஏற்பட்ட ஆவி ஆராய்ச்சிச் சங்கத்தார், விழித்திருக்கும்போது இல்லாத ஒன்றைப் பார்த்தோ கேட்டோ இருக்கிறீர்களா என்று 17,000 பேரைக் கேட்டு, 1894-ல் விவரம் வெளியிட்டார்கள். பத்தில் ஒருவர் 'ஆம்' என்றார். அந்தச் சங்கத்தார் அதைக்கொண்டு ஆவிக்கு ருஜுத் தேடினார்கள். நாம் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுவது வேறு: பத்தில் ஒருவர் பைத்தியமல்லவே, பத்தில் ஒருவர் வீட்டில் பேயும் இல்லையே! மனிதனுடைய மூளை தூக்கக் கலக்கத்திலும், காய்ச்சலிலும், துக்கத்திலும் இப்படிச் சில வேளை ஏமாறும் என்பதுதான் அதன் அர்த்தம்.

இன்னொன்று கேளுங்கள். வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற டாக்டர் புருஷனையோ மனைவியையோ இழந்த 293 பேரை விசாரித்து 1971-ல் எழுதினார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், செத்துப்போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். சிலர் பார்த்துமிருக்கிறார்கள், குரலைக் கேட்டுமிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாயிருந்திருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மிகப் பலர் ஒருவரிடமும் சொன்னதேயில்லை. நம் ஊரில் தாலியறுத்த அம்மாள் ஒருத்தி, 'அவர் திண்ணையில் இருமுகிற சத்தம் கேட்டது' என்றால் உடனே என்ன செய்கிறோம்? ஆவி சாந்தியடையவில்லை என்று ஐயரைக் கூப்பிடுகிறோம். நாளைக்குக் கேள்வித்தாளைக் கொண்டு வந்து, 'ஆம்' என்றாயா, அப்படியானால் நீ பைத்தியம் என்போமா? முன்னதும் கொடுமை, பின்னதும் கொடுமை. அந்த அம்மாளுக்கு வந்திருப்பது துக்கம்.

18 தேசங்களில் 31,000-க்கு மேற்பட்ட ஜனங்களை விசாரித்த கணக்கு ஒன்று 2015-ல் வெளியாயிற்று. ஆயுளில் ஒரு தடவையாவது இம்மாதிரி அனுபவம் உண்டு என்றவர்கள் 100-க்கு 6 பேர் வீதம். அவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு அது ஆயுளிலேயே ஒரே ஒரு தடவைதான் ஏற்பட்டிருக்கிறது.

அப்படியானால் வியாதியை எப்படிப் பிரிப்பது? அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடத்தில் லோவி அம்மையார் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு நல்ல பாடம். அந்த நீளமான கேள்வித்தாளில் இம்மாதிரி அறிகுறிகளில் எட்டுக்கும் அதற்கு மேலும் 'ஆம்' என்றவர்கள் 100-க்கு 43 பேர்! பாதிக் கல்லூரி பைத்தியமா? பிறகு, 'இது உனக்கு வேதனை தருகிறதா?' என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். எட்டு அறிகுறியும் வேதனையும் சேர்ந்து உள்ளவர்கள் 100-க்கு 2 பேராகக் குறைந்துவிட்டார்கள். நாற்பத்து மூன்று எங்கே, இரண்டு எங்கே! ஆகையால், 'வந்ததா?' என்று மட்டும் கேட்கிற தாள் அரைத் தாள். 'எத்தனை நாளாய், எவ்வளவு அடிக்கடி, உன்னை எவ்வளவு வாட்டுகிறது, உன் வேலையை எவ்வளவு கெடுக்கிறது?' என்றும் கேட்டால்தான் அதற்கு மதிப்பு உண்டு. பின்னால் வந்த 21 கேள்வித் தாளும் 16 கேள்வித் தாளும் ஒவ்வொரு 'ஆம்' பக்கத்திலும் வேதனை எவ்வளவு என்று கேட்பது இதனால்தான்.

'ஆம்' என்பதைப் பற்றிச் சொன்னோம். 'இல்லை' என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஊரே தனக்கு விரோதமாய்ச் சதி செய்கிறது என்று பயப்படுகிறவன், அறிமுகமில்லாத ஒருவர் நீட்டும் காகிதத்தில் உண்மையை எழுதுவானா? அந்தக் காகிதமும் சதியில் ஒரு பங்கு என்றல்லவா நினைப்பான்! யாருக்கு வியாதி முற்றிவிட்டதோ அவனே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டுப் போகக்கூடும். அன்றியும், எழுதப் படிக்கத் தெரியாத மருமகளுக்கு யார் படித்துக் காட்டுவது? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பிறர் உனக்குத் தீங்கு செய்வதாக நினைக்கிறாயா?" என்று படித்தால் அந்தப் பெண் என்ன பதில் சொல்லும்? மேலும், அந்தப் பெண் 'ஆம்' என்றால் அது சித்தப்பிரமையாகவும் இருக்கலாம், அந்த வீட்டு நடப்பாகவும் இருக்கலாம். தினம் அடிபடுகிறவள், தன்னை அடிக்கிறார்கள் என்று நம்புவது வியாதியாகுமா? தாள் அதை விசாரிக்காது. மனிதர் உட்கார்ந்துதான் விசாரிக்க வேண்டும்; அதுவும் அந்தப் பெண்ணைத் தனியாக வைத்து விசாரிக்க வேண்டும்.

பாஷையின் சங்கடம் வேறு. ஹாலந்துக்காரனுக்கு எழுதிய கேள்வியை அகராதியை வைத்துக்கொண்டு தமிழாக்கிவிட்டால் வேலை தீர்ந்துவிடுமா? 'உனக்குள் ஒரு குரல் பேசியதுண்டா?' என்று கேட்டால், 'மனசாட்சி பேசாமல் இருக்குமா?' என்பார் ஒருவர். 'கண்ணுக்குத் தெரியாத சக்தி உன்னைச் சுற்றி இருப்பதாகப் பட்டதுண்டா?' என்று நம் ஊர்த் திருவிழாவில் கேட்டால் எவ்வளவு பேர் 'இல்லை' என்பார்கள்? சக்தி இருக்கிறது என்று பிறந்த நாள் முதல் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஜனங்களல்லவா! நமக்கு அந்த நம்பிக்கை மூடநம்பிக்கைதான். அதைக் கண்டிப்பதை நாம் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் மூடநம்பிக்கை வேறு, மூளைக் கோளாறு வேறு. சாமியாடுகிறவரை நாம் விவாதத்துக்குக் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக மாட்டோம். ஒருவருடைய மதத்தையோ, சமூகத்தையோ, அந்தஸ்தையோ வைத்து அவருக்கு மனவியாதி என்று தீர்மானிக்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும் சொல்லுகிறது. அதே சட்டம் மனவியாதிக்காரரை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்றும் சொல்லுகிறது.

குரலிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. மனச்சிதைவு வியாதியுள்ளவர்களையே சென்னையில் 20 பேர், ஆப்பிரிக்காவில் கானா தேசத்து அக்ரா நகரில் 20 பேர், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 20 பேர் என்று விசாரித்து 2015-ல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. அமெரிக்கருக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் கொல்லு, வெட்டு என்கிற மாதிரியாயிருந்தன. சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல். அதைச் செய், இதைச் செய், வீட்டு வேலையைப் பார் என்கிற குரல். எனவே, சத்துருவின் குரல் கேட்கிறதா என்று மட்டும் விசாரிக்கிற தாள் நம் ஊர் நோயாளியைத் தவறவிடக்கூடும். ஒரு தேசத்தில் தேறிய தாளை மற்றொரு தேசத்தில் மறுபடியும் பரிட்சை செய்யாமல் உபயோகிப்பது, ஒருவன் காலுக்குத் தைத்த செருப்பை ஊராருக்கெல்லாம் மாட்டுவது போலாகும்.

சரி, தாளும் சரியாகப் பிடித்தது, டாக்டரும் நேரில் விசாரித்து அபாயம் உண்டு என்று சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுவோம். அத்துடன் அவர் பைத்தியம் என்று ஆகிவிட்டதா? ஆகவில்லை. பல தேசத்து 27 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து, சுமார் 2500 பேருடைய கணக்கை 2012-ல் வெளியிட்டார்கள். டாக்டர்கள் விசாரித்து அபாயமுள்ளவர்கள் என்று சொன்னவர்களில், ஒரு வருஷத்துக்குள் சித்தப்பிரமை வந்தவர்கள் 100-க்கு 22 பேர். மூன்று வருஷத்துக்குள் வந்தவர்கள் 100-க்கு 36 பேர். பாக்கி 64 பேருக்கு அந்த மூன்று வருஷத்தில் வரவில்லை. அவர்களுக்கு வேறு மனக்கஷ்டங்கள் இருந்திருக்கலாம், உதவியும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் 'பைத்தியம்' என்ற பட்டத்துக்கு அவர்கள் பாத்தியப்பட்டவர்களல்லர். அமெரிக்க மனோவைத்திய சங்கத்தார் 2013-ல் தங்கள் வியாதிப் பட்டியலைப் புதுப்பித்தபோது, இந்த முன்னிலைமையை வியாதிகளோடு சேர்க்காமல் 'இன்னும் ஆராய வேண்டியவை' என்ற பகுதியில் வைத்தார்கள். தேவையில்லாத பட்டமும் தேவையில்லாத மருந்தும் வாலிபர்கள் தலையில் ஏறிவிடுமே என்று டாக்டர்களுக்குள்ளேயே பலமான ஆட்சேபம் இருந்தது. தங்கள் சாஸ்திரத்தைத் தாங்களே ஆட்சேபிக்கிறார்கள் பாருங்கள். அறிவு வளருகிற இடம் அதுதான்.

"இவ்வளவு குற்றம் சொல்லுகிறீர்களே, பின்னை அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடலாமா?" என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. சல்லடையில் கல்லும் விழுகிறது என்பதற்காகச் சல்லடையை யாராவது எறிகிறார்களா? சலித்த பிறகு முறத்தில் போட்டுப் புடைக்கிறோம். கேள்வித்தாள் சல்லடை, நேரில் விசாரிப்பது முறம். சல்லடையைத் தராசு என்று நினைப்பதுதான் தவறு. ஹாலந்தில் இந்தச் சல்லடையால் கண்டெடுக்கப்பட்டவர்களையும் சேர்த்து, அபாயமுள்ள 201 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றொரு பிரிவுக்கு அத்துடன் கூட, தோன்றுகிற எண்ணங்களை எப்படி ஆராய்ந்து பார்ப்பது என்று உட்கார்ந்து பேசிச் சொல்லிக்கொடுத்தார்கள். 18 மாதத்தில் முதல் பிரிவில் 22 பேருக்குச் சித்தப்பிரமை வந்தது. பேசிச் சொல்லிக்கொடுத்த பிரிவில் 10 பேருக்குத்தான் வந்தது. இதன் அர்த்தமென்ன? 'எனக்குத் தோன்றுவதெல்லாம் நிஜமா? அதற்கு ஆதாரம் என்ன? வேறு காரணம் இருக்கலாமா?' என்று தன் எண்ணத்தைத் தானே கேள்வி கேட்கப் பழகியவர்களில் வியாதி குறைந்தது என்பதுதான். நாம் மேடைக்கு மேடை எதைச் செய்யச் சொல்லுகிறோமோ, அதையே அங்கே வைத்தியமாகச் செய்திருக்கிறார்கள். காலத்தில் கண்டுபிடித்தால் லாபம் உண்டு என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

ஆகவே தோழர்களே, இனிமேல் எந்தக் கேள்வித்தாள் உங்கள் கைக்கு வந்தாலும், செல்போனில் இரண்டு நிமிஷத்தில் உன் மனநிலையைச் சொல்லுகிறோம் என்று எவன் விளம்பரம் செய்தாலும், நீங்கள் பதில் எழுதுவதற்கு முன் அந்தத் தாளைச் சில கேள்விகள் கேளுங்கள். உன்னை யாரிடத்தில் பரிட்சித்துப் பார்த்தார்கள்? நூறு பேரில் எத்தனை பேரைத் தவறவிட்டாய், எத்தனை பேரைச் சும்மா பிடித்தாய்? எங்கள் பாஷையில், எங்கள் ஊரில் உன்னைச் சோதித்தார்களா? வேதனை உண்டா என்று கேட்டாயா? 'ஆம்' என்று சொன்ன பிறகு என்னை விசாரிக்க ஒரு டாக்டர் இருக்கிறாரா, இல்லை, மருந்து விற்கிறவன் இருக்கிறானா? நான் எழுதியதை யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காதிலும், வேலை கொடுக்கிறவன் காதிலும் விழுந்தால், குணமாகக்கூடிய கஷ்டம் குணமாகாத பட்டமாகிவிடும்.

தாளுக்குச் சொன்னது இவ்வளவு. தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: உங்கள் பையன் தூக்கத்தை விட்டு, படிப்பை விட்டு, ஆறு மாதமாய் வாடுகிறான் என்றால் எந்தத் தாளும் உங்களுக்குத் தேவையில்லை. அந்த வாட்டமே போதிய காரணம். கோடாங்கிக்குக் கொடுக்கிற பணத்தை பஸ்ஸுக்குக் கொடுத்து ஜில்லா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கஞ்சா புகைக்கிறானா, காதில் வியாதியா, வலிப்பா, துக்கமா என்று எல்லாவற்றையும் அவர்கள் விசாரிக்கட்டும். 2022 அக்டோபரில் சர்க்கார் ஆரம்பித்த 14416 என்ற டெலிபோன் எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. செத்துப்போகிறேன் என்று சொல்லுகிறவனையும், சோறு தண்ணீரை விட்டவனையும் நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். அன்றைக்கே கூட்டிப் போங்கள். சென்னையில் சாரதா மேனன் என்ற டாக்டர் அம்மாள் 1984-ல் மனச்சிதைவுக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார். இந்த வியாதியோடு வாழ்ந்துகொண்டே வேலை செய்து சம்பாதிக்கலாம், குடும்பம் நடத்தலாம் என்பதை அங்கே எத்தனையோ பேர் காட்டியிருக்கிறார்கள்.

'அவனைப் பேய் பிடித்திருக்கிறது' என்று சொல்லுகிறவனும், 'தாளில் ஆறு ஆம் வந்துவிட்டது, அவன் பைத்தியம்' என்று சொல்லுகிறவனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேரும் அந்தப் பையனை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். நாம் உங்களிடம் வேண்டுவதெல்லாம், தீர்ப்புக்கு முன்னால் விசாரணை வேண்டும் என்பதே. அந்த விசாரணையைச் சீக்கிரத்தில் ஆரம்பித்து வைக்கக் கேள்வித்தாள் உதவுமானால் அதை வரவேற்போம். விசாரணையை இல்லாமலாக்க அது வருமானால் வாசலிலேயே நிறுத்துவோம்.